மூன்றாவது பட்டை

பெண் வீட்டார் வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்துக்குள் வருங்கால மாமனாரின் மடியில் ஒரு ஜாடி கடல்தண்ணீரைக் கொட்டியவன் நான். கொட்டியதற்கு வெட்கப்படுகிறேன். அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு மட்டும் இன்றுவரை வெட்கப்படவில்லை, படவும் மாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் களிமண் குழைக்கும் வேலை எனக்கு. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் சங்கு வியாபாரம் செய்த நண்பன் ஒருவன் ரயிலில் வந்தபோது, இரண்டு கோமாளி மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டுக்கும் பழுப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை. ஒன்றுக்கு வால் மஞ்சள், பட்டை இரண்டு. மற்றதற்கு வால் வெள்ளை, வாலடியில் மூன்றாவதாக ஒரு பட்டை. "ரெண்டும் வேற வேற வகைடா" என்றான் நண்பன். அந்த நிமிஷத்திலிருந்து நான் மீன் நிபுணனாகிவிட்டேன். (சொந்தமாக ஒரு நெத்திலியைக்கூட வளர்த்தவனில்லை.)

கண்ணாடித் தொட்டிக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது பட்டறையில் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் சாமான்தான். உதடு கோணிய வாஷ்பேசின் ஒன்றைத் தூக்கி வந்து, நடுக்கூடத்தில், நடுவில் துளையுள்ள முக்காலி மேல் வைத்து, மீன்களை விட்டேன். பரங்கிப்பேட்டையிலிருந்து பீங்கான் ஜாடியில் பஸ் ஏற்றிக் கடல்தண்ணீர் கொண்டு வருவேன். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் ஊறுகாயா என்று கேட்பார்.

பேசினுக்கு அடியில் ஓட்டை இருக்குமே? ரப்பர் அடைப்பான் கடையில் கிடைக்கும். ஆனால் களிமண்ணில் புரளுகிறவன் ரப்பர் வாங்குவதா! பச்சைக் களிமண்ணை உருட்டி அடைத்தேன். சுடாத மண் தண்ணீரில் கரையும் என்பது பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் தினமும் காலையில் அடியிலிருந்து புதுமண் வைத்து அழுத்திவிடுவேன். பெண் வீட்டார் வந்த அன்று மட்டும், சட்டைக்கு இஸ்திரி போடுகிற அவசரத்தில் மறந்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா பெண்ணாடம் பக்கத்தில் சயின்ஸ் வாத்தியார். கூடவே அவருடைய அக்கா. பெண் வசந்தாவை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அந்தப் போட்டோவை ஒரு வாரத்தில் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். இந்தச் சம்பந்தம் கைநழுவினால் நான் என்ன ஆவேன் என்றிருந்தது.

வாத்தியார் நாற்காலியை முக்காலிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினுக்குள் குனிந்து பார்த்தார்.

"ஜோடியா? ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு. நல்ல சகுனந்தான்."

புத்தியுள்ளவன் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கொடுத்திருப்பான்.

"இல்லீங்க சார். ரெண்டும் வேற வேற வகை."

"தம்பி, நான் இருவது வருஷமா பாடம் எடுக்கறன்."

"அந்தப் பாடத்துல இந்த மீனு இருக்குதுங்களா?"

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்தாள். வாத்தியாரின் அக்கா கேசரியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாள். வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. வித்தியாசம் இருந்தா காட்டுங்க பாப்போம்."

மேலிருந்து பார்த்தால் முதுகுதானே தெரியும்? பட்டையைப் பக்கவாட்டில் காட்டுவதற்காகப் பேசினைத் தூக்கி அவர் பக்கம் சாய்த்தேன். அடியிலிருந்த களிமண் பொதக்கென்று அவர் காலில் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் முழுக்க அவர் மடியில் இறங்கியது. வெள்ளை வேட்டி சேற்று வேட்டியானது. அக்கா இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டாள்.

அம்மா குடத்தோடு ஓடிவந்தாள். "இந்தா, இதுல போடு!"

"அம்மா, நல்ல தண்ணி ஆவாதும்மா!"

"அவ்ளோதானே?" என்று ஒரு பிடி கல்லுப்பை அள்ளிக் குடத்தில் போட்டாள்.

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தரையில் துள்ளிய வெள்ளைவால் மீனை உள்ளங்கையில் ஏந்தி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"எண்ணுங்க சார். ஒண்ணு, ரெண்டு, மூணு!"

அவர் நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. காப்பியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார்கள்.

குடத்து உப்புத்தண்ணீரில் இரண்டு மீனும் சாயங்காலமே செத்துப்போயின. அதற்கு நான் அழுதேன். வாதத்தில் ஜெயிப்பதற்காக ஓர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது பாவம்தான். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "பட்டை எண்ணத் தெரிஞ்சவனுக்கு மனுசங்ககிட்ட பேசத் தெரியலயே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான்காம் நாள் தரகர் வந்தார். பெண் வீட்டில் சம்மதமாம்! வாத்தியார் தலையிலடித்துக்கொண்டு நடந்ததைச் சொல்லியிருக்கிறார். வசந்தா கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை பட்டை இருந்துதுப்பா?" பொய் சொல்லத் தெரியாத மனுஷன், "மூணு" என்றிருக்கிறார்.

கல்யாணம் முடிந்த பிறகு அவளிடம் காரணம் கேட்டேன்.

"எங்க வூட்ல அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசின ஆளு கெடையாதுங்க. நீங்க பேசினீங்க. இவரு வூட்டுக்குப் போனா நாமளும் பேசலாம்னு நெனைச்சேன்."

வீட்டில் எந்த விசேஷத்துக்கு ஆள் கூடினாலும் பேரப்பிள்ளைகள் இதைத்தான் சொல்லச் சொல்கிறார்கள். நான் வாயைத் திறந்த உடனே வசந்தா குறுக்கே வந்து, "அப்படி நடக்கல" என்று முதலிலிருந்து அவளே சொல்கிறாள். அன்று அந்தக் கூடத்திலேயே இல்லாதவள் அவள். எதிர்த்துப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.