படகுப் பாய் தைக்காத மிஷினும் நாற்பத்திரண்டாவது பிரிவும்

பழவேற்காடு,
7-12-1969

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன் உத்தியோகம் பார்க்கும் மேன்மை தங்கிய சம்பந்தி குப்புராஜ் அவர்களின் சமூகத்துக்கு, கனகாம்பாளின் தகப்பன் செங்கல்வராயன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் சம்சாரம் பச்சையம்மா, தையல் மிஷின் மூவரும் அவரவர் இடத்தில் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாள் அஞ்சம்மாளும் மாப்பிள்ளை ஆதிகேசவனும் என் மகளும் சௌக்கியமாக இருக்க கங்கையம்மன் துணையிருப்பாள்.

தங்கள் கடிதம் வந்து முப்பத்தாறு நாள் ஆகிறது. தாமதத்துக்கு அலட்சியம் காரணமல்ல. ஆதாரமில்லாமல் நான் ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆகவே சரக்கு விற்பனைச் சட்டத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தேன். கல்யாணத்தில் காட்டிய மிஷின் எப்போது வரும், மருமகள் ரயில்வே குடியிருப்புப் பெண்களுக்குப் பொங்கலுக்குள் ரவிக்கை தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கையால் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கேட்பவர்களுக்கு என் சம்சாரத்தால் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பதில், இப்போதைக்கு வராது. ஏன் வராது என்பதைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மிஷினை நான் ஆனி மாதம் பொன்னேரியில் சாலமோன் கடையில் வாங்கினேன். நன்றாகத் தைக்குமா என்று கேட்டேன். "துணின்னு பேரு இருந்தா எதையும் தைக்கும் நைனா" என்றார். அந்த வார்த்தையை ரசீதின் பின்பக்கம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார். நான் சிரிக்கவில்லை. வாங்கிய சரக்கைச் சோதித்துப் பார்க்க வாங்கியவனுக்கு உரிமை உண்டு என்று நாற்பத்தோராவது பிரிவு சொல்வதால், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு சோதனை நடத்தினேன். கைக்குட்டை தைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. பக்கத்து வீட்டுக் கலியனின் படகுப் பாய் ஓரம் கிழிந்திருந்தது. ஆவாரம்பட்டைச் சாயத்தில் நாலு தடவை ஊறிய நல்ல கெட்டிப் பாய். அதை மூன்றாக மடித்து, கடைத் தையல்நூல் பலம் போதாது என்பதால் வலை பின்னும் நைலான் நூலைக் கோத்து, மிதித்தேன். ஒன்பது ஊசி ஒடிந்தது. ஐந்தாவது ஊசி என் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்துக் குழம்புச் சட்டியில் விழுந்தது, அன்றைய குழம்பை யாரும் சாப்பிடவில்லை. பிறகு பாய் மிஷினின் பல்லுக்குள் சிக்கிக்கொண்டு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. நிலைமையை மாற்றினால் சாட்சியம் அழியும் என்பதால் நான் யாரையும் தொடவிடவில்லை. கலியன் வந்து மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, நான் மீன் பாடு போயி ரெண்டு நாளாச்சு. இன்னா பண்ணிக்கினு கீற நீ? பாயைக் குடுக்கிறியா, இல்ல மிஷினோட சேர்த்துப் படகுல ஏத்திக்கினு போவட்டா?"

அவன் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆகவே சரக்கை நிராகரிக்கிறேன் என்று சாலமோனுக்குப் பதிவுத் தபால் போட்டேன். அவர் மறுநாளே பஸ் ஏறி வந்து, மிஷினையும் பாயையும் பார்த்து, வாசலுக்குப் போய்த் தனியாகச் சிரித்து முடித்துவிட்டு உள்ளே வந்தார். மரியாதை தெரிந்த மனிதர்தான். பாயைக் கழற்றிக் கலியனிடம் கொடுத்தார்.

"நைனா, இது சட்டை தைக்கிற மிஷினு. நீ தைக்கச் சொன்னது கப்பலு. ஊசி மாத்தி, எண்ணெ ஊத்தி, டப்பு வாங்காம சரி பண்ணிக் குடுத்துர்றேன். பேஜாரு பண்ணாத."

"ரசீது பின்னால இன்னா எழுதிக்கீது, படி."

"துணின்னு பேரு இருந்தா எதையும் தைக்கும்."

"பாயி துணியா இல்லியா?"

"துணிதான்."

"கையெழுத்து யார்து?"

"என்துதான். வியாபாரத்துல பேசுற பேச்சு நைனா அது. கத்திரிக்கா விக்கிறவ வெண்ணெ மாதிரி கீதுன்னு சொன்னா, தோசைக்குத் தடவுவியா?"

"எழுத்துல குடுத்தா தடவுவேன்."

அத்துடன் அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இந்த இடத்தில் தாங்கள் கேட்பீர்கள், அவர்தான் இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்கிறாரே, விட்டுக்கொடுத்தால் என்ன என்று. சம்பந்தி, சட்டத்தில் நிபந்தனை வேறு, உத்தரவாதம் வேறு. தங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நான் பெண் கொடுக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருக்கிறது என்று தெரிய வந்தால் அது நிபந்தனை மீறல், பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை குறட்டை விடுகிறார் என்றால் அது வெறும் உத்தரவாத மீறல். நஷ்டஈடு கேட்கலாம், திருப்பி அனுப்ப முடியாது. (மாப்பிள்ளையை மனத்தில் வைத்து எழுதவில்லை. குறட்டையைப் பற்றிக் கனகா எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.) எழுதிக் கையெழுத்துப் போட்ட வார்த்தை நிபந்தனை என்பது என் கட்சி, உத்தரவாதம் என்பது சாலமோன் கட்சி. இலவசப் பழுதுபார்ப்புக்குச் சம்மதித்தால் அவர் கட்சியை நான் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து நாற்பத்திரண்டாவது பிரிவில் இருக்கிறது. நிராகரித்த சரக்கைச் சொந்தக்காரன் மாதிரி ஒரு காரியம் செய்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். மகளுக்குச் சீராகக் கொடுப்பதைவிடச் சொந்தக்காரன் செய்யும் காரியம் வேறென்ன இருக்கிறது? ஆகவேதான் கல்யாணத்தில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே மிஷினை வைத்து, "இந்தச் சரக்கு விற்றவருக்கே சொந்தம். பார்வைக்கு மட்டும். சீராகக் கருத வேண்டாம்" என்று அட்டை எழுதி மாட்டினேன். தங்கள் தம்பி அதை நாதசுரம் நின்ற நேரம் பார்த்து உரக்கப் படித்ததும், சம்பந்தியம்மாள் "எங்களுக்கு வந்த சீரு அட்டைதானா" என்று கேட்டதும், கனகா மணவறையில் தலையை நிமிர்த்தாமல் இருந்ததும் எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் வெட்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் எந்த வெட்கத்தில் குனிந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சட்டத்துக்குக் கண் கலங்காது.

ஆயுத பூஜை வந்தது. மீன் கத்தி, துடுப்பு, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பச்சையம்மா குங்குமத்தோடு மிஷின் பக்கம் போனாள். தடுத்தேன். பொட்டு வைப்பது சொந்தக்காரன் செய்யும் காரியம்.

"அரிவாமணை செஞ்ச புண்ணியம் எம் பொண்ணு மிஷினு செய்லியா?" என்றாள்.

சாலமோன் வந்து வைத்தால் எனக்கு ஆட்சேபணையில்லை என்றேன். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், வைக்க மாட்டார். பச்சையம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியதை இங்கே எழுத முடியாது.

நிராகரித்த சரக்கை நான் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை, விற்றவர்தான் வந்து எடுக்க வேண்டும் என்று அடுத்த பிரிவே சொல்கிறது. அவர் வந்து எடுக்காததால் தீபாவளி கழித்துப் பொன்னேரி கோர்ட்டில் வழக்குப் போட்டேன். எடுக்கும்வரை பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பு. மிஷினைத் தார்ப்பாயால் மூடி, கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி என் கட்டைவிரலை அழுத்தி முத்திரை வைத்திருக்கிறேன். கலியனைச் சாட்சியாக நியமித்திருக்கிறேன். முன்பு கோபமாக இருந்தவன் இப்போது திருந்திவிட்டான். தினமும் வந்து முத்திரையைப் பார்த்து, "பத்திரமா கீது மாமா, நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் போகிறான். இப்படி ஒரு சாட்சி ஹைக்கோர்ட்டுக்குக் கூடக் கிடைக்காது. இதற்காக வீட்டில் சில அசௌகரியங்கள் உண்டு. மிஷின் இருக்கும் மூலையில் கூரை ஒழுகுவதால் அதற்குக் குடை பிடித்து வைத்துவிட்டு நான் நனைகிறேன். இரண்டு வாரமாக இட்லியும் இல்லை. இட்லிப் பானையை ஈயம் பூசக் கொடுத்திருப்பதாகப் பச்சையம்மா சொல்கிறாள். ஈயம் பூசுகிறவன் மேலும் ஒரு நோட்டீஸ் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கனகா போன வாரம் எனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பியிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சம்பந்தியம்மாளிடம் தாங்கள் சொல்ல வேண்டும், தையலைப் பார்த்தால் கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. ஒரு தையல் பெரிது, ஒன்று சிறிது என்ற பேச்சே இல்லை. கையால் இப்படித் தைக்கிற பெண்ணுக்கு மிஷின் எதற்கு? ஆகவே அவசரப்படாமல், வழக்கு முடியும்வரை பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சாலமோன் எழுத்து மூலம் தவற்றை ஒப்புக்கொண்ட மறுநாள் புது மிஷின் அட்டையில்லாமல் வந்து சேரும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆயுசு நூறும் வலை நிறைய மீனும், மாப்பிள்ளை தொழிற்சாலைக்குப் போகிறவர் என்பதால் மீனுக்குப் பதில் சம்பள உயர்வும் உண்டாக ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத,
செங்கல்வராயன்

பி.கு.: மிஷின் நம்பரையும் ஆதாரமாகக் குறித்துவிடலாம் என்று சற்றுமுன் முத்திரையை உடைத்துத் தார்ப்பாயை நீக்கினேன். உள்ளே இரண்டு மீன் கூடைகளும், அதன்மேல் இட்லிப் பானையும் இருந்தன. பச்சையம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. "சம்பந்தி கடுதாசியை நீதானே படிச்சுக் காட்டின. தீபாவளி போயி ரெண்டு வாரத்துல நீ பொன்னேரி கோர்ட்டுக்குக் கெளம்பின, மிஷினு கும்மிடிப்பூண்டிக்குக் கெளம்பிச்சு" என்றாள். சாலமோன் ஊசி மாற்றித் தன் கடை வண்டியிலேயே ஏற்றிப் போனாராம். தூக்கிவிட்டது கலியன். அரக்கில் இருந்த கட்டைவிரலும் அவனுடையதுதான்.

ஆகவே தாங்கள் இவ்வளவு நேரமும் அந்த மிஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இந்தக் கடிதத்தைப் படித்திருப்பீர்கள். ஆறு தாள் ஆதாரத்தோடு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். எனக்குத் தெரியாமல் போன மிஷினை நான் ஏற்றுக்கொண்டதாக எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது. சட்டையை ஏழு நாள் போட்டுவிட்டேன், அதை மறுக்க வழியில்லை. கழுத்து கொஞ்சம் இறுக்கம் என்று கனகாவிடம் சொல்லவும். அது உத்தரவாத மீறல் மட்டுமே. திருப்பி அனுப்ப மாட்டேன். ஆயுத பூஜைக்கு விட்டுப்போன பொட்டை நல்ல நாள் பார்த்து அவளையே மிஷினுக்கு வைத்துவிடச் சொல்லவும்.