ஏலக்கார அத்தையும் பச்சைப் புழுக்களும்

காசிமேட்டு ஏலக்கார அக்காவின் குரலுக்குப் பயப்படாத ஆள் இன்னும் பிறக்கவில்லை. துறைமுகத்தில் நின்று அவர் வஞ்சிரத்துக்கு விலை கூவினால், ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் இறங்குகிறவர்கள் பயந்துபோய் பர்ஸை எடுப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் கிசுகிசுத்துத்தான் பேசுவார். காரணம், புழுக்கள். நந்தியாவட்டை இலை தின்னும் பச்சைப் புழுக்களை டப்பாக்களில் வளர்த்து, அந்துப்பூச்சி ஆனதும் மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடுவார். ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் தொற்றிவிடுமாம். அதனால் டப்பாவுக்கு இரண்டே புழு, ஈரமில்லாத இலை, தினமும் புதுப் பேப்பர். சோப்பு போட்டுக் கை கழுவாமல் கட்டின புருஷனே வாசல் தாண்ட முடியாது.

இது எதுவும் தெரியாமல் அவர் மகளை எனக்குப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து போய் இறங்கினோம். அன்று பார்த்து ஒரு புழு துவண்டு கறுத்துவிட்டது. அக்கா அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மற்ற டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என் அப்பா சும்மா இருக்கக்கூடாதா? நோய்ப் புழுவை ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டு, அதே விரலை அடுத்த டப்பாவுக்குள் விடப் போனார்.

“யோவ் சம்பந்தி! கைய எடுய்யா!”

தெருவே நின்றது. பஜ்ஜித் தட்டோடு வந்த பெண்ணும் நின்றாள். என் அம்மா எழுந்துவிட்டார்.

“கெளம்புடா. இந்த வூட்டு சம்பந்தமே வேணாம்.”

எனக்கோ பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், “மத்த புழுவெல்லாம் பொழைக்குமா?” என்று கேட்டுவைத்தேன்.

அக்காவின் குரல் இறங்கியது. “தெர்ல நைனா. டப்பாவ நல்லா கய்வி புது எல போட்டா பொயைச்சிக்கும். நீ மொதல்ல கை கய்வு.”

கழுவினேன். நடுவில் போன் அடித்தது. பேசிவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடி கழுவினேன். அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

“நீ பொண்ணைப் பாக்க வந்தியா, புழுவைப் பாக்க வந்தியா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“பையன் நம்ம பையன்!” என்று அக்கா ஏலத்தை முடித்தார்.

மற்ற புழுக்கள் பிழைத்து, கல்யாணத்துக்கு முன்பே பறந்தும் போயின. அக்கா எனக்கு அத்தை ஆனார்.

போன மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஏலத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்த அத்தை, ஆஸ்பத்திரிக் குழாயில் கை கழுவினார். மறுபடி கழுவினார். அப்புறமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“மீனு தொட்ட கை மாப்ள. கொய்ந்தைக்கு எதுனா ஆயிடப் போவுது. நா இங்கருந்தே பாத்துக்கறேன்.”

காசிமேட்டையே அதிரவைத்த குரல் அது. இப்போது கிசுகிசுத்தது. நானும் போய்க் கை கழுவிவிட்டு வந்து குழந்தையைத் தூக்கி நீட்டினேன்.

“இதவிட சுத்தமான கை காசிமேட்லயே கெடையாது. புடிங்க அத்த.”