எலுமிச்சம்பழம் நசுங்காத சக்கரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். மானம் போய்விடுமே என்று பயம். என் மனைவி கஸ்தூரி எங்கள் ஊர் பென்னலூர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள் என்று தெரிந்ததும், இனிமேல் போவதற்கு எதுவும் மிச்சமில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வல்லக்கோட்டை முருகன் துணை.

கஸ்தூரிக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை விடியற்காலை ஷிப்ட். முதல் நாளே கம்பெனி பஸ்ஸை விட்டால் வேலை இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பஸ் நிற்கும் மெயின் ரோடு வரை போக அவளிடம் இருந்தது ஒரு சைக்கிள். லாரிப் பள்ளத்தில் விழுந்ததில் அதன் முன்சக்கரம் லேசாகக் கோணியிருந்தது.

"கடைல குட்த்து கோட்டம் எடுத்துனு வாய்யா" என்றாள்.

கடையா? கார் கம்பெனியில் நாள் பூரா சக்கரத்துக்கு நட்டு முடுக்குகிறவன் வீட்டுச் சக்கரம் கடைக்குப் போவதா? (ஊர் சிரிக்காதா? பிறகு சிரித்தது, அது வேறு விஷயம்.)

ஞாயிறு சாயங்காலம் கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்தேன். எங்கள் கம்பெனி லைனில் ஒரே வேதம்தான்: எதிரெதிராக முடுக்கு, எல்லாவற்றையும் ஒரே மாதிரி இறுக்கு, கடைசியில் சந்தேகத்துக்கு இன்னொரு சுற்று இறுக்கு. சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்கும் அதே வேதம். கம்பிக்கு ஒரு "முருகா" வேறு.

"இன்னாயா, எல்லாத்தையும் இறுக்கினே கீற? ஒரு பக்கம் இறுக்குனா எதிர்ப்பக்கம் லூசு பண்ண வேணாவா?" என்றாள் கஸ்தூரி.

"டெக்னிக்கல் விஷயத்துல தலையிடாத" என்றேன். (பத்தாவது பெயில் ஆனவன் பேசும் பேச்சா இது?)

சக்கரம் ஓரளவு சுற்றியது. அதோடு விட்டிருந்தால் நான் மேதை. விடியற்காலையில் எழுந்து, அந்தச் சந்தேகச் சுற்றையும் இறுக்கினேன். 'டங்' என்றது. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சக்கரம் மடங்கிக்கொண்டது.

நான் அசரவில்லை. நெற்றியில் பட்டை போட்டு, சூடம் காட்டி, குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினேன். சக்கரம் முன்பக்கப் போர்க் கம்பியில் சிக்கி நின்றது. பழம் மட்டும் சாமர்த்தியமாக உருண்டு வாசலுக்குப் போனது.

"பழத்துக்குக் கீற புத்தி உனுக்கில்ல" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கஸ்தூரி ஓடினாள். சகுனத்தை விட மனசில்லாமல் பழத்தைப் பொறுக்கிக்கொண்டு, லுங்கியோடு நானும் ஓடினேன்.

பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நேரே போய் அதன் முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினேன்.

டிரைவர் தலையை நீட்டினார். "யோவ்! கைல பழம், நெத்தில பட்டை... பஸ்ஸுக்குப் பூஜை போட வந்தியா?"

அதற்குள் கஸ்தூரி ஏறிவிட்டாள். நான் நகர்ந்த பதற்றத்தில் பழம் கைநழுவியது. பஸ்ஸின் முன்சக்கரம் அதன் மேல் 'சளக்' என்று ஏறிப் போனது. ஜன்னல் வழியாக அவள் கத்தினாள்: "யோவ், பழம் நசுங்கிச்சுய்யா!"

பஸ் மொத்தமும் கைதட்டியது. நான் அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி கணக்கில் பூஜை சைக்கிளுக்கு இல்லை, பஸ்ஸுக்கு.

அந்த வேலையில்தான் கஸ்தூரி இன்னும் இருக்கிறாள். நான் ஸ்குரூ டிரைவரைத் தொட்டால் போதும், பேசாமல் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், புண்ணியம். ஆனால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். கஸ்தூரி சொல்லும்போது என் லுங்கி வேறு அவிழ்கிறது. அது அவிழவில்லை.