நாலடிச் சாவி

மாற்றுத்திறனாளிகள் பிறர் தயவின்றிச் சுதந்திரமாக வாழ வேண்டும் என்ற உயரிய நோக்கத்துடன் ஓர் அலுவலகம் இயங்கி வந்தது. நோக்கம் உயர்ந்தது என்பதால் அலுவலகத்தையும் இரண்டாவது மாடியில் வைத்திருந்தார்கள். லிஃப்ட் இருந்தது. லிஃப்டுக்குள் பழைய கோப்புகள் இருந்தன.

கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மாதிரி வீடு கட்டியிருந்தார்கள். வாசலில் சாய்தளம், அகலமான கதவு, உட்கார்ந்தபடியே எட்டும் அடுப்பு மேடை, சுவரெல்லாம் கைப்பிடி வைத்த குளியலறை. கூடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. கட்டி நாலு வருடமாகியும் யாரையும் குடிவைக்கவில்லை. குடிவைத்தால் வீடு பழசாகிவிடும் அல்லவா? வருகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வீட்டின் மேல் ஆசைப்பட்டாள் சாவிக்காரி.

கடைத்தெரு முனையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அரத்தால் ராவி மாற்றுச் சாவி செய்து கொடுக்கிறவள் அவள். ஊரில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக்குள் நுழைவது அவள் கைவண்ணத்தால்தான். அவளுக்கென்று மட்டும் ஒரு சாவி கிடையாது. அண்ணன் வீட்டில், மூன்றாம் மாடியில் இருந்தாள். காலையில் அண்ணன் தூக்கிக்கொண்டு இறங்குவான், சாயங்காலம் தூக்கிக்கொண்டு ஏறுவான். அண்ணன் தங்கமானவன், அவன் முதுகுதான் தங்கம் இல்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவள் கடைக்கு விடுமுறை. நாற்பது வயதாகிறது, யாரிடமும் சொல்லாமல் ஒரே ஒரு தடவை கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பெரிய ஆசை என்று அண்ணிகூடச் சொல்லவில்லை.

விசாரிக்கப் போனபோது அதிகாரி பெருந்தன்மையோடு மாடிப்படியின் அடிவரை இறங்கி வந்தார்.

"இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று அண்ணனைக் கேட்டார்.

"அந்த வீடு வேணும் சார்," என்றாள் சாவிக்காரி.

"எந்த வீட்டைக் கேக்கறாங்க?" என்றார், மறுபடி அண்ணனிடமே.

அண்ணன் கையை நீட்டிக் காட்டினான்.

"அதுவா? அது சுதந்திரமா வாழறது எப்படின்னு காட்டறதுக்குங்க. வாழறதுக்கு இல்ல."

"யாராவது வாழ்ந்தாத்தானே சார் காட்ட முடியும்?"

"பொம்மை இருக்கே! நாலு வருஷமா அதுகிட்டயிருந்து ஒரு புகார் வந்ததில்ல," என்றார் அதிகாரி அண்ணனிடம்.

ஆனாலும் ஒரு படிவம் கொடுத்தார். 'எனக்கு எவருடைய துணையும் தேவையில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்' என்ற வாசகத்தின் கீழ் பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் போட்டான். அவள் கையெழுத்துக்கு இடம் விடவில்லை. அண்ணனே மாடி ஏறிக் கொடுத்துவிட்டு வந்தான். 'விண்ணப்பதாரர் நேரில் வராத காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. அடுத்த தடவை அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். 'விண்ணப்பதாரர் பிறர் உதவியுடன் வந்த காரணத்தால் சுதந்திர வாழ்வுக்குத் தகுதியற்றவர்' என்று பதில் வந்தது. அன்று அவள் ராவிய மூன்று சாவியும் கோபத்தில் பாழாய்ப் போயின.

வருடக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: இதுவரை எத்தனை பேரைச் சுதந்திரமாக வாழ வைத்திருக்கிறீர்கள்? அலுவலகமே ஆடிப்போனது. ஒருவரையாவது வாழ வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். உடனே சாவிக்காரியைத் தேடி ஆள் வந்தது.

மாதிரி வீட்டின் வாசலிலேயே மேடை. மாண்புமிகு விருந்தினர் அரைமணி நேரம் பேசினார். பிறகு, தெர்மோகோலில் செய்து தங்கக் காகிதம் ஒட்டிய நாலடி நீளச் சாவியை அவள் மடியில் வைத்தார். கைதட்டல். படம். 'வீட்டின் சாவி பயனாளியிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று பதிவேட்டில் விருந்தினரே கையெழுத்திட்டார். அடுத்த நிமிடம் பண்டகக் காப்பாளர் வந்து சாவியைத் தூக்கிக்கொண்டார்.

"அது என்னோடது," என்றாள் சாவிக்காரி.

"அடுத்த விழாவுக்கு வேணும்மா. ஆபீஸ்ல இருக்கறதே இந்த ஒண்ணுதான்," என்றார் அவர்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மாண்புமிகு விருந்தினர் அதிகாரியின் காதில் ஏதோ கேட்டார். அவசரமான விஷயம். கழிப்பறை இரண்டாவது மாடியில். அவருக்கு முட்டி வலி. லிஃப்டில் கோப்புகள்.

"இந்த வீட்டைத் திறங்கய்யா!" என்றார் விருந்தினர், நெளிந்துகொண்டே.

அப்போதுதான் தெரிந்தது, நாலு வருடமாக அந்த வீட்டின் நிஜச் சாவியை யாருமே பார்த்ததில்லை. அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார், குமாஸ்தா காவலாளியைப் பார்த்தார், காவலாளி ஜன்னலைப் பார்த்தார்.

"அவசரமா ஒரு சாவி ராவறவரைப் பிடிங்க!" என்று அதிகாரி அலறினார்.

சாவிக்காரி நாற்காலியின் பின்னால் தொங்கிய பையிலிருந்து அரத்தை எடுத்தாள். பல் வெட்டாத வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருகி, தடம் பட்ட இடங்களைப் பார்த்து ராவினாள். பத்து நிமிடம். விருந்தினர் மூச்சுவிடாமல் நின்றார். கதவு திறந்தது. அந்தக் காற்றுக்கே, கரையான் தின்ற பொம்மை பொலபொலவென்று உதிர்ந்தது.

விருந்தினர் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு போய், மலர்ந்த முகத்துடன் திரும்பினார். "அருமையான வீடுய்யா! அவசியமான வீடு!" என்றபடி காரில் ஏறினார். அதிகாரி முதல் காவலாளி வரை எல்லோரும் காரின் பின்னால் ஓடினார்கள். சாவிக்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். பதினோராவது தடவை பூட்டியபோது அழுதுவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை அதிகாரி ஜன்னலில் நின்றார். முதல் தடவையாக அவளிடமே பேசினார்.

"அம்மா, சாவி?"

"எந்தச் சாவி சார்? குடுத்ததைத்தான் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டீங்களே."

அதிகாரி மாடி ஏறிப் பதிவேட்டைப் புரட்டினார். சாவி ஒன்று, கொடுத்தது ஒன்று. பண்டக அறையில் இருப்பதும் ஒன்று. கொடுத்தது தெர்மோகோல் என்று எழுதினால் மாண்புமிகு கையெழுத்து பொய்யாகும். இவளை வெளியேற்றினால் இந்த வருடக் கணக்கில் சுதந்திரமாக வாழ்பவர் யாருமில்லை. குடியிருக்க விட்டாலோ, மாதிரி வீட்டில் எவரும் வசிக்கக் கூடாது என்ற விதி குறுக்கே நிற்கிறது. இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் குமாஸ்தாதான் வழி கண்டுபிடித்தார். இருப்புப் பதிவேட்டின்படி பொம்மை ஒன்று குறைகிறது.

'சக்கர நாற்காலியுடன் கூடிய பெண் உருவம் – ஒன்று – நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி அதிகாரி கையெழுத்திட்டார்.

எழுதியதைக் காவலாளி வந்து சொன்னபோது சாவிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னவாவது எழுதிக்கட்டும். சாவி எங்கிட்ட இருக்கு," என்றாள்.

போன வாரம் பெரிய மனிதர்கள் ஒரு குழுவாக வீட்டைப் பார்வையிட வந்தார்கள். அண்ணனும் தங்கையைப் பார்க்க வந்து, கூட்டத்தோடு ஜன்னலில் நின்றான். உள்ளே அவள் அடுப்பை அணைத்துவிட்டு, தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"தத்ரூபம்! அப்படியே உயிர் இருக்கற மாதிரியே இருக்கு!" என்றார் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள்.

கதவு திறந்தது. சாவிக்காரி சாய்தளத்தில் இறங்கி வந்தாள், கதவைப் பூட்டினாள், சாவியைப் பைக்குள் போட்டாள்.

"கொஞ்சம் வழி விடுங்க. கடைக்கு நேரமாச்சு," என்றாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. பெரிய மனிதர் வியப்போடு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"இது பேசவும் பேசுமா?"

"பேசும் சார்," என்றார் அதிகாரி பணிவாக. "பதில் சொல்றதுக்குத்தான் நம்மகிட்ட ஆள் இல்ல."

சிரித்தவர்களில் அண்ணனும் ஒருவன். சிரித்துவிட்டு, "தங்கச்சியைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க," என்று காவலாளியிடம் சொன்னான்.