பூஜைக்கு வைத்த லேப்டாப்

சிங்கப்பூர் விசா கைக்கு வந்த அன்று மாறன் ஒரு சபதம் எடுத்தான். இனிமேல் மனைவி எழில் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வது.

கல்யாணமாகி ஐந்து வருஷம். வேங்கிக்காலில் வீடு பார்த்தது எழில். அதற்குப் பச்சை பெயிண்ட் என்று முடிவு செய்தது எழில். அவன் மீசையின் அகலம்கூட அவள் பார்த்து ஒப்புதல் கொடுத்த அளவுதான். கப்பல் கட்டும் கம்பெனியில் பிளான் வரையக் கடல் தாண்டிப் போகிறவன் இன்னமும் இப்படியே இருந்தால் நன்றாகவா இருக்கும்?

முதல் பரீட்சை லேப்டாப்பில் வந்தது.

"இங்கயே ஒண்ணு வாங்கி வீட்ல வச்சிட்டுப் போங்க," என்றாள் எழில். "கேமரா வச்சது. பாப்பா தினமும் உங்க மூஞ்சியப் பாக்கணும்."

"லேப்டாப் எனக்கு. அங்க போய் வாங்கிக்கப்போறேன். அங்க விலை கம்மி."

"ஆபீஸ்லதான் கம்ப்யூட்டர் தராங்களே?"

"ரூம்ல பாட்டு கேக்க வேணாமா?"

"பாட்டு கேக்க ரேடியோ போதுங்க. பக்கத்து வீட்டு திரௌபதி அக்கா வீட்டுக்காரர் மஸ்கட்லேர்ந்து வந்து ரெண்டு நாள்கூட ஆகல. அவங்க பையன், 'இந்த அங்கிள் எப்பம்மா போவாரு?'ன்னு கேட்டானாம்."

"நம்ம இனியா அப்படியெல்லாம் கேக்க மாட்டா."

"அவளுக்கு ரெண்டு வயசுங்க. நேத்து பாத்த பூனையவே இன்னிக்கு மறந்துட்றா. நீங்க எம்மாத்திரம்?" எழில் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் பயமா இருக்குங்க. புள்ளைக்கு ஜுரம் கொதிச்சா நான் யார் மூஞ்சியப் பாத்து தைரியம் எடுத்துக்கறது?"

மாறனுக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் இளகிவிட்டால் சபதம் என்னாவது? இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே லேப்டாப்தான். அது என்கூடதான் இருக்கும். நீ பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பேசிக்க."

"புள்ளையத் தூக்கிக்கிட்டா?"

"தூக்கிக்கிட்டுதான்."

எழில் அவனையே பார்த்தாள். கான்வென்டில் படித்த பெண்கள் கோபம் வந்தால் கத்துவதில்லை. மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து வருஷத்தில் மாறன் கற்றுக்கொள்ளாத பாடம் இது.

"நீங்க சொல்றதுதாங்க சரி," என்றாள். "அங்க போயே வாங்கிக்கோங்க. இங்க வாங்கறது வேஸ்ட். அப்படியே வாங்கினாலும் கேமரா வச்சது வேணாம், சீக்கிரம் கெட்டுடுமாம்."

மாறனுக்குச் சுருக்கென்றது. அங்கே போய் வாங்குவது அவனுடைய சொந்த யோசனை. இப்போது அது அவள் வாயிலிருந்து வருகிறதே! அவள் சொன்னதையா அவன் செய்வது?

மறுநாளே சென்னைக்கு பஸ் ஏறினான். இரவு திரும்பும்போது மடியில் கறுப்பாக, பளபளவென்று ஒரு லேப்டாப். கேமரா வைத்தது.

"ஐயோ, நான் வேணாம்னு சொன்னேனே," என்றாள் எழில்.

மாறன் மீசையைத் தடவிக்கொண்டான். ஐந்து வருஷத்தில் முதல் வெற்றி.

அடுத்த வெற்றி ஒரு வாரத்தில் கிடைத்தது. சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் அவன் கிளம்ப வேண்டும். "வழியனுப்ப அத்தைய வரச் சொல்லாதீங்க, வந்தா அழுவாங்க," என்றாள் எழில். அவள் வாயை மூடுவதற்குள் மாறன் செங்கத்திலிருந்த அம்மா ராஜம்மாளுக்குப் போன் போட்டுவிட்டான்.

பூஜை அன்று காலை. சாமி படத்தின் முன்னால் மணை போட்டு, இனியாவின் படப்புத்தகம், எழிலின் டிக்‌ஷனரி, மாறனின் ஸ்கேல், காம்பஸ் எல்லாம் அடுக்கியாயிற்று.

"லேப்டாப்ப மட்டும் வச்சிடாதீங்க," என்றாள் எழில். "சந்தனம் பட்டா கறையாயிடும்."

"என்னது? நாலு ரூபா ஸ்கேலுக்குப் பூஜை, என் லேப்டாப்புக்குப் பூஜை கிடையாதா?"

"சாயங்காலம் கிளம்பணுமேங்க?"

"காலைல வச்சு சாயங்காலம் எடுத்துக்கறேன். இதுல என்ன இருக்கு?"

டிக்‌ஷனரிக்கு மேலே, எல்லாவற்றுக்கும் உச்சியில், லேப்டாப் ஏறி உட்கார்ந்தது. மூடியில் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்திப்பூ. திரௌபதி அக்கா வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி இருக்குதுப்பா," என்று சொல்லி, சுண்டல் வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாவது வெற்றி.

மத்தியானம் ராஜம்மாள் பஸ் இறங்கி வந்தாள். லேப்டாப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு டாக்ஸிக்கார இராமலிங்கம் வாசலில் ஹாரன் அடித்தார். பெட்டிகள் ஏறின. மாறன் வந்து பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பில் கை வைத்தான்.

"டேய்! கைய எடுறா!"

"இன்னாம்மா? வண்டி வந்துடுச்சு."

"வண்டி வந்தா இன்னா? பூஜைல வச்சத நாளைக்கு மறுபூஜ போட்டுட்டுதான்டா எடுக்கணும். இன்னிக்கு எட்த்துனு போனா வெளங்குமா? கடல் தாண்டிப் போறவன் பண்ற காரியமா இது?"

மாறன் கையை இழுத்துக்கொண்டான். சரஸ்வதி பூஜை அன்று பழைய பேப்பரைக்கூடப் படிக்க விடாமல் வளர்த்த அம்மா. அவளை வரவழைத்தது வேறு யாருமில்லை.

"அம்மா, ஒரே நாள்மா. காலம் மாறிடுச்சு..."

அந்த நேரம் பார்த்து எழில் சமையலறையிலிருந்து வந்தாள். "எடுத்துட்டுப் போகட்டும் அத்தை. பாவம், ஆசையா வாங்கினது. நீங்க எடுத்துக்கோங்க."

மாறனுக்குக் கண்கள் கலங்கின. "எழில் சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா!" என்று கத்தினான். ஐந்து வருஷத்தில் அவன் மனதாரச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான்.

"அப்டிச் சொல்லு!" ராஜம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பொண்டாட்டி எடுன்னா எடுப்ப. பெத்தவ வைன்னா வைக்க மாட்ட. இன்னும் ஏரோப்ளேன்ல காலே வைக்கல, அதுக்குள்ள இப்டி. போப்பா, எட்த்துனு போ. நான் யாரு உனக்கு?"

வாசலிலிருந்து இராமலிங்கம் குரல் கொடுத்தார். "சார், செஞ்சி தாண்டறதுக்குள்ள இருட்டிடும். சீக்கிரம்!"

ஒரு பக்கம் அழுகிற அம்மா. இன்னொரு பக்கம் எடு என்கிற மனைவி. மாறன் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினான். சபதம் என்றால் சபதம்.

"எடுக்க மாட்டேன்!" என்று அறிவித்தான். "இங்கயேதான் இருக்கும்!"

"உங்க இஷ்டங்க," என்று எழில் தலையைக் குனிந்துகொண்டாள். கார் கதவு சாத்தும்போது இனியாவைத் தூக்கி அவன் கன்னத்தோடு வைத்து அழுத்தினாள். கார் நகரும்வரை ஜன்னலிலிருந்து கையை எடுக்கவில்லை. அதில் நடிப்பு எதுவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து, சிங்கப்பூரில் ஒரு பிரௌசிங் சென்டரில், தலைக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு மாறன் உட்கார்ந்திருந்தான். திரையில் வேங்கிக்கால் வீட்டின் பச்சைச் சுவர். அதற்கு முன்னால் இனியா. ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "அப்பா!" என்று கத்தித் திரையில் அவன் மூக்கைப் பிடிக்கப் பார்த்தாள்.

மாறனும் மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"அதுக்குள்ள வீட்டுக்கு நெட் எப்படி வந்துச்சு? எழுதிக் குடுத்தா வாரக்கணக்கா ஆகும்னாங்களே. எப்ப எழுதிக் குடுத்த?"

எழில் தலையில் சாமந்திப்பூ வைத்திருந்தாள். புன்னகைத்தாள்.

"ஒரே லேப்டாப்தான், அது என்கூடதான் இருக்கும்னு சொன்னீங்களே. அன்னிக்கு சாயங்காலமே."