சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்த விவகாரம்

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய்யாகிவிடும். நடந்தது இதுதான்: குடியிருப்பின் காலை நடைக் குழுவிலிருந்து என்னைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதனால் பெண்கள் உட்காரும் சாயங்காலப் பெஞ்சில் உங்கள் தங்கைக்கும் இடமில்லை. "போய் மன்னிப்புக் கேளுங்க, இல்ல நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள்.

என் குற்றம் என்ன? தோளில் மூட்டை தூக்கித் துணி விற்றுக் கடை போட்டவன். யாராவது பக்கத்தில் நின்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்னைக் கேட்காமலே போய் அவர் துணியைத் தேய்த்துப் பார்த்துவிடும். அன்று நடைக் குழுவில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சுத்த லினன் என்று சட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். விரல் போய்விட்டது. வாயும் பின்னாலேயே போனது. "பாதிக்குப் பாதி பாலியஸ்டர் சார். பாவம், உங்க பையன யாரோ ஏமாத்திட்டாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவர்கள் பட்ட பாடுதான் மனுஷனைக் கொன்றது.

மறுநாளே குழுவின் தீர்ப்பு வந்துவிட்டது. வக்கீலம்மா "கடை புத்தி" என்றாராம். பல் டாக்டர், "கையக் கழுவிட்டா வர்றாரு?" என்றாராம். தினமும் அதே கையைக் குலுக்கியவர், மச்சான்! நான் செருப்போடு நடப்பது, சத்தமாகத் தும்முவது எல்லாமே இப்போது குற்றம்.

ஏன் இப்படி என்று யோசித்தேன். நான் துணியை எடைபோடுவது அதற்கு விலை சொல்ல. இவர்கள் ஆளை எடைபோடுவது தங்கள் விலையை ஏற்ற. எதிர்க்கடைச் சரக்கு மட்டம் என்று கூவுகிறவனைப் பார்த்திருக்கிறேன், அவன் கடையில் சரக்கே இருக்காது. மேலாளருக்குப் பதவி போயிற்று, மகன் வருவதில்லை, அந்தச் சட்டைதான் மிச்சம். அதில் கை வைத்துவிட்டேன். புரிகிறது. ஆனாலும் குனிய மாட்டேன். நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை மட்டம் தட்டுகிற கூட்டம் எனக்கு வேண்டாம்.

தங்கை வந்தால் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் யார் சட்டையையும் தொடாமல் நன்றாக வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மேலாளரே வீட்டுக்கு வந்துவிட்டார். "பழச விடுங்க. புதுசா குடிவந்திருக்காரே மருந்துக் கடைக்காரர், வெயிலே இல்லாம குடை புடிச்சு நடக்கிறாரு. அவரெல்லாம் நம்ம செட்டா?" என்றார். இந்த வாரம் முழுக்க என்னோடு நடந்த ஒரே ஆள் அந்த மருந்துக் கடைக்காரர்தான். உங்கள் தங்கை பெட்டி மேல் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்தது இது: நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அவளுக்குப் பெஞ்சில் பழைய இடம், மருந்துக் கடைக்காரரோடு நான் இனி பேசக் கூடாது. சரி என்றேன்.