டாக்ஸிக்குள் கூடவே வந்த கதிர்வீச்சு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, என் மாமனார், குழந்தை உருண்டை நால்வரும் நலம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதிய நலம் இல்லை இது. டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு, எழுதியும் வாங்கி வைத்துக்கொண்ட நலம். அங்கே உன் நலத்தையும், ஒரு பாவமும் அறியாத உன் அணு உலையின் நலத்தையும் அறிய ஆவல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அனுப்பிய கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "உருண்டையை நான் எப்போது தூக்கலாம்?" போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன் என்று தெரிந்துதான் தபாலில் கேட்டிருக்கிறாய். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். முதல் வாரம் பயம் தெளியவில்லை. இரண்டாவது வாரம் வெட்கம். மூன்றாவது வாரம் உருண்டைக்குப் பல் முளைத்து வீட்டில் யாரும் உட்காரவே இல்லை.

அவள் பிறந்து ஏழு மாதம் ஆகிறது. பால்காரர் அவளைத் தூக்கியிருக்கிறார். சிலிண்டர் போட வந்தவர் தும்மிக்கொண்டே தூக்கியிருக்கிறார். சொந்தத் தாய்மாமன் நீ மட்டும் தூக்கியதில்லை, ஏனென்றால் நீ அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறாய். நீ வந்தால் செருப்பு வெளியே, பை வெளியே, முழங்கை வரை சோப்பு, அப்புறம் கதவோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நீ போனதும் அந்த நாற்காலியைக் கழுவி வெயிலில் வைப்பேன். உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவன், நான் பிரஷ்ஷும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டாய். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த வாரம் சோப்புப் பெட்டி அளவுக்கு அந்த மீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாய்.

"இது கதிர்வீச்சை அளக்கும். நான் சொன்னா நம்ப மாட்ட, இது சொன்னா நம்பு."

நீ படி இறங்குவதற்குள் அது 'டிக்' என்றது. நான் மாடியிலிருந்து கத்தினேன், ஞாபகம் இருக்கா? "அண்ணா, அடிக்குது!"

"அடிக்கத்தான் செய்யும்! மண்ணு, சுவரு, வானம், எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கு. நிமிஷத்துக்கு இருபது முப்பது வந்தா பேசாம இரு. நூறைத் தாண்டினா போன் பண்ணு."

அன்றிலிருந்து வீட்டில் நான் அளக்காத பொருள் இல்லை. போன தடவை நீ வந்தபோது உனக்குத் தெரியாமல் உன் முதுகுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். நீ இருபத்தாறு. கால்மிதியும் இருபத்தாறு. இருந்தாலும் நாற்காலியைக் கழுவினேன். காரணம் கேட்காதே.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். போனில் அழுதுகொண்டே அரைகுறையாகச் சொன்னதை முழுசாகக் கேள். அன்று காலை மாமா, "சும்மா ஒரு டெஸ்ட்டும்மா, நெஞ்சை போட்டோ எடுப்பாங்க" என்று தனியாகக் கிளம்பிப் போய், மதியம் திரும்பி வந்து, ஹாலில் சாய்ந்து உட்கார்ந்து உருண்டையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் அடுக்களையில் இருந்தேன். ஹாலில் அலமாரி மேல் இருந்த மீட்டர் திடீரென்று, எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி, விடாமல் பொரிய ஆரம்பித்தது. ஓடி வந்து பார்த்தால் எண் நூறைத் தாண்டி, ஆயிரத்தையும் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது. பால்கனிப் பக்கம் திரும்பினேன். தூரத்தில் உங்கள் இரண்டு புகைபோக்கியும் வழக்கம்போல வெள்ளையாக ஊதிக்கொண்டிருந்தன. (புகை இல்லை, நீராவி என்பாய். அந்த நேரத்தில் யாருக்கு அந்த வித்தியாசம் வேண்டும்?) உனக்குப் போன் போட்டேன். ஒன்பது தடவை. எடுக்கவில்லை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அது மறந்துபோய், அண்ணன் போன் எடுக்கவில்லை, அப்படியென்றால் அண்ணனே இல்லை என்று தோன்றி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே செய்த காரியம்தான் குடியிருப்பு குரூப்பில் ஒரே ஒரு வார்த்தை போட்டது. "கதிர்வீச்சு!!!"

பத்து நிமிஷத்தில் நாற்பது குடும்பமும் மாடிப்படியில். மேல்மாடி டீச்சர் ஜன்னல் முழுக்க டேப் ஒட்டிவிட்டு, சாவி உள்ளே மாட்டிக்கொண்டதால் வெளியே நின்றார். கீழ்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர் நாக்கில் இரும்பு ருசி தெரிகிறது என்றார். உடனே இன்னும் ஆறு பேருக்கும் தெரிந்தது. ஒருத்தருக்குத் தோல் அரித்தது. ஒருத்தர், மூன்று நாளாகக் காக்கா கத்தவில்லை, அப்போதே சந்தேகப்பட்டேன் என்றார், தலைக்கு மேல் காக்கா கத்திக்கொண்டிருக்கும்போது. ஒரு அம்மா உப்பு டப்பாவைத் திறந்து, "அயோடின் அயோடின்" என்று ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தார். கல்லூரியில் இயற்பியல் படித்து, அரை ஆயுள் பற்றி ஒரு பக்கம் விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய உன் தங்கை அந்த உப்பை வாங்கித் தின்றாள். எழுதவே கூசுகிறது.

டாக்ஸி வந்தது. மாமா முன்சீட்டில், மடியில் உருண்டை. நான் பின்னால் மீட்டரோடு. குழந்தையை அவரிடம் கொடுத்ததே நான்தான் அண்ணா, மீட்டர் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நிலையத்துக்கு நேர் எதிர்த் திசையில் ஓட்டச் சொன்னேன். பத்து கிலோமீட்டர் போனோம், குறையவில்லை. இருபது போனோம், குறையவில்லை. டிரைவர் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது நம்மளத் துரத்திக்கிட்டே வருதா?"

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது போல. வேகமாப் போங்க தம்பி!"

"காத்தை முந்தணும்னா என் வண்டி பத்தாதுக்கா."

மாமா மட்டும் நிதானமாக உருண்டைக்கு ஜன்னல் வழியே லாரி காட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் பொட்டியை ஆஃப் பண்ணும்மா, புள்ள தூங்கணும்" என்றார்.

நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க். மாமா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாத்ரூம் போனார். மீட்டர் அடங்கிவிட்டது. டிக்... டிக். எனக்கு அழுகையே வந்துவிட்டது, தப்பித்துவிட்டோம், எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று உருண்டையை முத்தமிட்டேன். டிரைவர் தம்பி கைகூப்பி வானத்தைப் பார்த்தார். மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்து வந்தார். அவர் ஒவ்வொரு அடி வைக்க வைக்க அது டிக் டிக் டிக்கென்று ஏறி, கார்க்கதவில் கை வைத்ததும் கத்த ஆரம்பித்தது. தம்பி தன் சொந்த வண்டியிலிருந்து குதித்து இறங்கி ஓடினார்.

"அக்கா... பெரியவருதான்!"

"என்னடா நான்? காலையில குளிச்சேனே!" என்றார் மாமா.

"மாமா, ஆஸ்பத்திரியில என்ன பண்ணாங்க?"

"ஒரு ஊசி போட்டாங்க. ஏதோ பேப்பர் குடுத்தாங்க." சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மூக்குக் கண்ணாடி துடைத்துத் துடைத்துக் கசங்கியிருந்தது. பிரித்தேன். தங்களுக்குச் செலுத்தப்பட்டது கதிரியக்க மருந்து, நாளை காலை வரை கைக்குழந்தைகளைத் தூக்க வேண்டாம்.

அண்ணா, கணக்குப் போட்டுப் பார். நாற்பது கிலோமீட்டர். கதிர்வீச்சிலிருந்து காப்பாற்ற என் பெண்ணைக் கதிர்வீச்சின் மடியில் உட்காரவைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்தப் பேப்பரில் இருந்த நம்பரில் டாக்டருக்குப் போன் செய்து கத்தினேன். அவர் நேரமெல்லாம் கணக்குப் போட்டு, "தூரமா விமானத்துல போயிட்டு வந்த அளவுக்குத்தாம்மா இருக்கும், பயப்படாதீங்க, நாளைக்கு வரைக்கும் தள்ளி வைங்க" என்றார். திரும்பி வரும்போது மாமா தனி டாக்ஸியில் வந்தார். வழியெல்லாம் எனக்குப் போன் செய்து, "உருண்டை அழுதாளா? என்னைத் தேடுறாளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்று ராத்திரி நான் அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். கதவோரமாக. பிளாஸ்டிக் நாற்காலி. போட்டுவிட்டு, அது உன் நாற்காலி என்று அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து கையை ஆட்டி ஆட்டி அவளைச் சிரிக்க வைத்தார். நீயும் அப்படித்தான் செய்வாய்.

அதைவிட அதிர்ச்சி என்ன தெரியுமா? மீட்டர் அப்படிக் கத்தியும் எனக்கு மாமா மேல் பயமே வரவில்லை. அவர் முகம் தெரியும், ஊசி எதற்கென்று தெரியும், நாளைக்குள் அடங்கிவிடும் என்று தெரியும். அந்தப் புகைபோக்கி அப்படியா? என்னைக் கேட்டா கட்டினார்கள்? கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "ஒண்ணும் இல்லை" என்கிறீர்கள். எங்கேயோ ஆன உலை விபத்துகளையெல்லாம் நானும் படித்திருக்கிறேன், என் பயம் முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அதையெல்லாம் இருபத்தாறு டிக் அடிக்கிற உன் தலையில் ஏற்றியது தப்பு. முழுத் தப்பு.

நாங்கள் ஓடின பிறகு டீச்சர் என் பெயரை முதலில் போட்டு உங்கள் நிலையத்துக்கு மனு அனுப்பியதும், அதற்குப் பதில் எழுதுகிற மேஜை உன்னுடையது என்பதும் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. "தாங்கள் குறிப்பிட்ட கதிர்வீச்சு மூலம் நிலையத்துக்குச் சொந்தமானது அல்ல, தங்கள் மாமனாருக்குச் சொந்தமானது" என்ற உன் பதிலை மாமா சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இந்த ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வா. கதவோரம் நாற்காலி இருக்காது. நேரே உள்ளே வந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூக்கிக்கொள். மாமா உன்னை மிகவும் விசாரித்தார், உன் மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டே விசாரித்தார், உருண்டை இந்தக் கடிதத்தின் ஓரத்தைக் கடித்து விசாரித்திருக்கிறாள், பல் தடம் பார். நீயும் உன் உலையும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனி எதற்கும் பயப்படாத
உன் தங்கை

பி.கு.: வேலைக்குப் போடுகிற சட்டையோடு மட்டும் வராதே. உன் அளவில் புதுசு ஒன்று வாங்கி வாசல் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். இரண்டு தடவை துவைத்தாயிற்று. அளந்தும் பார்த்துவிட்டேன், இருபத்தாறுதான்.